குமிழித் திரை போட்டால் மட்டும் போதுமா?

கடலில் காற்றாலை நிறுத்தத் தூண் அடிக்கும்போது, சத்தத்தைத் தடுக்கும் காற்றுக் குமிழித் திரை போட்டால் கடல் உயிர்களுக்குப் பாதிப்பில்லை என்று, கடல் காற்றாலைகள் பற்றிய கட்டுரை ஒன்று ஒரே வரியில் முடித்துவிட்டது. துளையிட்ட குழாயைத் தூணைச் சுற்றிக் கடலடியில் வளையமாகக் கிடத்தி, கப்பலில் உள்ள கம்ப்ரசரால் காற்றைச் செலுத்துவார்கள். நீரோட்டம் பலமாக இருந்தால் குமிழ்கள் மேலே வருவதற்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அந்த இடைவெளியில் சத்தம் வெளியேறும். ஆழம் கூடினால் நீரழுத்தத்தை மீற இன்னும் அதிகக் காற்று வேண்டும். துளைகளை மணல் அடைப்பது தனித் தொல்லை.

அதனால்தான் ஜெர்மனி கருவியைப் பார்க்காமல் ஒலியின் அளவைப் பார்க்கிறது: 750 மீட்டர் தூரத்தில் தூணில் விழும் ஒரு சுத்தியல் அடியின் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. (நீருக்கடியிலான டெசிபல் இது, தெருவில் அளக்கும் டெசிபலோடு ஒப்பிட வேண்டாம்.) கட்டுவதற்கு முன்பே 2 ஆண்டுகள் பறவை, மீன், கடற்பன்றி (டால்பின் போன்ற சிறு கடல் பாலூட்டி) கணக்கெடுப்பும் அங்கே உண்டு. அந்தக் கணக்கு இல்லாமல், பின்னால் உயிர்களின் எண்ணிக்கை 'குறைந்தது' என்றோ 'கூடியது' என்றோ யார் சொன்னாலும் வெறும் பேச்சுதான்.

மீனவர் பக்கம், காற்றாலை மின்சாரத்தைக் கடலடியில் கொண்டுபோகும் கேபிள்தான் பெரிய சிக்கல். 1 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் மணல்மேடு நகர்ந்தால் வெளியே தெரியும், இழுவலை மாட்டும். பெரும்புயலுக்குப் பின் மறு ஆய்வு செய்து, வெளிப்பட்ட இடங்களைப் படகுகளின் ஜிபிஎஸ்ஸுக்குக் கொடுப்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இழப்பீட்டைப் படகு உரிமையாளரோடு நிறுத்தினால், பங்குக்குப் போகும் தொழிலாளிக்கும் கரையில் மீன் தரம் பிரிப்பவர்களுக்கும் எதுவும் கிடைக்காது. அவர்களிடம் காட்ட ரசீது இருக்காது.