காலி ஃபிளாட்டில் கிடக்கும் சோபா

விற்பதற்காக ஃபர்னிச்சர் போட்டு அலங்கரித்த ஃபிளாட் என்றால் எல்லாருக்கும் அது சத்திரம்தான் போல. பார்க்க வருகிறவர்கள் பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றிக் குதிக்க விடுகிறார்கள். புரோக்கர் டைனிங் டேபிளில் டீ கப்பால் வட்டம் போட்டுவிட்டுப் போகிறார். சாவிக்கு எத்தனை காப்பி இருக்கிறது? வாட்ச்மேனுக்கே தெரியாது.

ஆளாவது பரவாயில்லை, சென்னையின் ஐப்பசி ஈரத்தை என்ன செய்ய? பாதுகாப்பு என்று சோபாவைப் பிளாஸ்டிக் ஷீட்டில் இறுக்கிச் சுற்றிவிடுகிறார்கள். உள்ளே ஈரம் அடைபட்டு, 3 வாரத்தில் சாம்பல் பூத்தமாதிரி பூஞ்சை. பழைய காட்டன் வேட்டியைப் போர்த்தினால் போதும், காற்று போகும். சுவரிலிருந்து 4 விரற்கடை தள்ளிப் போடுங்கள்; சுவர் ஈரமும் கரையானும் முதலில் பின்பலகையில்தான் ஏறும். பாத்ரூம் டிராப்பில், அதாவது தரை ஓட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில், தண்ணீர் வற்றினால் கரப்பானும் நாற்றமும் மேலே வந்து மெத்தையில் குடியேறும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மேலே 2 ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டால் சீக்கிரம் ஆவியாகாது. இதைச் செய்யக்கூட ஆள் கிடையாது!

ஒவ்வொரு பொருளுக்கும் அடியில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, புரோக்கரிடம் சாவி கொடுக்கும் அன்றே அறை அறையாக வீடியோ எடுத்து, லிஸ்ட்டில் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பித்தளை விளக்கு எங்கே என்று கேட்கும்போது, "அது மொதல்லயே இல்லையே சார்" என்பார்கள்.