"இன்னும் ஒரு சைக்கிள் போகட்டும்"

டெக் துறையில் பெண் தலைவர்கள் ஏன் குறைவு என்று கேட்டால், சிலர் உடனே சி.இ.ஓ. பட்டியலை நீட்டுகிறார்கள். சிப் நிறுவனமான ஏ.எம்.டி.யில் லிசா சு இருக்கிறாரே, ஐ.பி.எம்.மை 2012 முதல் 2020 வரை ஜின்னி ரோமெட்டி நடத்தினாரே! சரிதான். ஆனால் பெண்கள் பின்தங்கத் தொடங்குவது முதன்முதலாக மேனேஜர் ஆகும் புரமோஷனிலேயே. அமெரிக்க நிறுவனங்கள் பற்றி ஆலோசனை நிறுவனமான மெக்கின்சியும் பெண்கள் முன்னேற்றத்துக்கான லீன்இன் அமைப்பும் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அந்தப் படியில் 100 ஆண்களுக்கு 81 பெண்கள்தான் ஏறுகிறார்கள். இது எல்லாத் துறைக்கும் சேர்த்து. நம் துறை மட்டும் விதிவிலக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வேலையை மதிப்பிட்டு புரமோஷன் முடிவு செய்யும் அப்ரைசல் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். ஒரு பையன் பேர் வந்தால், "டீமை நடத்தினதில்லை, ஆனா கத்துப்பான், குடுத்துப் பார்க்கலாம்." அடுத்து ஒரு பெண் பேர். "நல்லா பண்றாங்க. இன்னும் ஒரு அப்ரைசல் சைக்கிள் போகட்டும், பெரிய ப்ராஜெக்ட் ஏதாவது தனியா பண்ணட்டும்." அந்தப் பெரிய ப்ராஜெக்டை யார் கொடுக்கணும்? இதைச் சொன்ன அதே ஆள்தான்!

அதுவரை அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை? மீட்டிங் குறிப்பு எழுதுவது, புதுசாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, யாரோ எழுதிவிட்டுப் போன ப்ரோகிராம் கோடுக்கு டாக்குமென்ட் தயாரிப்பது. இது இல்லாவிட்டால் டீம் படுத்துவிடும். ஆனால் ரேட்டிங்கில் ஒரு வரிகூட வராது. மகளிர் தினக் கூட்டம் நடத்தும் பொறுப்பும் அவர் தலையில்தான், அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

"அவங்களாத்தானே எடுத்துக்கிறாங்க" என்பார்கள். பொருளாதார அறிஞர் லிண்டா பாப்காக்கும் சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கலந்த குழுவில் இந்த மாதிரி வேலைக்குப் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுவில்? ஆண்களே எடுத்துச் செய்தார்கள். ஆக, இது சுபாவம் இல்லை. "அவங்க பண்ணிடுவாங்க" என்று மற்றவர்கள் காத்திருப்பதுதான்.

பழைய வியாதிதான். ஆரம்பகால மின்னணுக் கணினியான எனியாக்குக்கு ப்ரோகிராம் எழுதியவர்கள் ஆறு பெண்கள். 1946-இல் அதை உலகுக்குக் காட்டிய அன்றிரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பே இல்லை.

மென்டரிங், தன்னம்பிக்கைப் பயிற்சி எல்லாம் இருக்கட்டும். அடுத்த புரமோஷன் கூட்டத்துக்கு முன்னால், ஒரு வருஷத்தில் எந்த ப்ராஜெக்ட் யாருக்குப் போனது, யார் குறிப்பு எழுதினார் என்று ஒரே ஷீட்டில் போடுங்கள். ஹெச்.ஆர். "அந்த டேட்டா எங்ககிட்ட இல்லையே" என்றால் நம்பாதீர்கள். வேலைகளைப் பதிவு செய்யும் டிக்கெட் டூலில் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் பேர் இருக்கிறது.