ரோலர்ட்ரோம் மீது மாமனார் எழுப்பிய தணிக்கைத் தடைகள்

(லண்டன், ஈஸ்ட் ஹாம். சனிக்கிழமை. மாமனார் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. மகள் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை டிவி முன்னால். மாப்பிள்ளையை நேராக ஒரு வார்த்தை சொல்ல முடியாத குடும்பம் இது.)

மாமனார்: மாப்ளே, இன்னிக்கு லீவா?

மாப்பிள்ளை: ஆமா மாமா.

மாமனார்: நல்லது, நல்லது. உடம்புக்கு ஓய்வு வேணும். ஒன்பது மணியில இருந்து ஓய்வு எடுத்துட்டிருக்கீங்க. யாரு இந்தப் பொண்ணு?

மாப்பிள்ளை: காரா ஹசன் மாமா. கேம் பேரு ரோலர்ட்ரோம். கதை 2030-ல நடக்குது.

மாமனார்: 2030-ஆ? அந்த டிவிப் பெட்டியும் சட்டைக் காலரும் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துது மாதிரி இருக்கே.

மாப்பிள்ளை: அதான் மாமா ஸ்டைலு. 1970-கள்ல இருக்கறவன் 2030-ஐ நினைச்சுப் பார்த்தா எப்படி இருக்கும்? அப்படி வரைஞ்சிருக்காங்க. பழைய பிரெஞ்சு சித்திரக்கதை மாதிரி கோடு கோடா.

மாமனார்: படம் நல்லாத்தான் இருக்கு. அதுல குறை சொல்ல மாட்டேன். கால்ல சக்கரம், கையில ரெண்டு துப்பாக்கி... என்னதான் வேலை அந்தப் பொண்ணுக்கு?

மாப்பிள்ளை: அரங்கத்துக்குள்ள இறக்கி விடுவாங்க. ஸ்கேட்டிங் பண்ணிக்கிட்டே எல்லாரையும் சுட்டு முடிக்கணும். அதுதான் விளையாட்டு.

மாமனார்: நடந்து போய்ச் சுட்டா செல்லாதா?

மாப்பிள்ளை: நிக்கவே முடியாது மாமா. குண்டு தீர்ந்துடும்.

மாமனார்: தீர்ந்தா பை நிறைய வாங்கிட்டு வரணும். நீங்கதான் ஆன்லைன்ல என்னென்னவோ வாங்கறீங்களே.

மாப்பிள்ளை: இங்க குண்டு கீழே கிடக்காது, கடையிலயும் கிடைக்காது. வித்தை காட்டினாத்தான் நிரம்பும். இப்போ பாருங்க... சரிவுல ஏறி, மேல போய் ஒரு சுத்து, ஸ்கேட்டைக் கையால பிடிச்சேன், இறங்கறேன். குண்டு வந்துடுச்சு பாத்தீங்களா?

மாமனார்: (மூக்குக்கண்ணாடியைப் போடுகிறார்) திரும்பப் பண்ணுங்க.

மாப்பிள்ளை: பண்ணிட்டேன்.

மாமனார்: இப்போ கம்மியா வருதே?

மாப்பிள்ளை: ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பப் பண்ணினா மதிப்பு குறைஞ்சுடும் மாமா. மாத்தி மாத்திப் பண்ணணும்.

மாமனார்: ஓ. ஒரே பில்லை ரெண்டு தடவை பாஸ் பண்ண மாட்டான். இதை எழுதினவன் விவரமான ஆள். (பாக்கெட்டிலிருந்து பேனா எடுக்கிறார்.) பேப்பர் இருக்கா மாப்ளே?

மாப்பிள்ளை: எதுக்கு மாமா?

மாமனார்: சும்மா, பழக்கம். நீங்க விளையாடுங்க. உங்களை நான் ஒண்ணும் சொல்லல, கேமைத்தான் பார்க்கறேன். உயிர் குறைஞ்சுட்டே வருதே, அதுக்கும் கரணம்தானா?

மாப்பிள்ளை: இல்ல. அதுக்குச் சுடணும். ஆளைக் கொன்னா உயிர் வரும், வித்தை காட்டினா குண்டு வரும். ஒளிஞ்சா ரெண்டும் வராது. அதான் இந்தக் கேமோட அழகே. மத்த துப்பாக்கி கேமுல அடிபட்டா சுவத்துக்குப் பின்னாடி உட்கார்ந்துக்கலாம். இங்க அடிபட்டா இன்னும் வேகமா கூட்டத்துக்குள்ள பாயணும்.

மாமனார்: இதை ஒத்துக்கறேன். இதுல ஓட்டை இல்ல. (எழுதுகிறார்.) ஆனா ஒரு சந்தேகம். அவ்வளவு உயரத்துல இருந்து தலைகீழா வந்தாளே, ஏன் விழல?

மாப்பிள்ளை: விழ மாட்டா மாமா.

மாமனார்: விழ மாட்டான்னா?

மாப்பிள்ளை: எப்படி வந்தாலும் கால்லதான் இறங்குவா. அரங்கத்துக்கு வெளியில பள்ளத்துல போயிட்டா மட்டும் கொஞ்சம் உயிர் போகும்.

மாமனார்: தரையில விழவே மாட்டாளா?

மாப்பிள்ளை: மாட்டா.

மாமனார்: அப்போ அது என்ன வித்தை? விழறதுக்கு வழியே இல்லேன்னா கை தட்டறதுக்கு என்ன இருக்கு? முதல் தடை. எழுதிக்கறேன்.

மாப்பிள்ளை: மாமா, டோனி ஹாக்னு 1999-ல ஒரு ஸ்கேட்டிங் கேம் வந்துச்சு. அதுல கொஞ்சம் கோணலா இறங்கினா போதும், பொத்துனு விழுந்து அந்த வித்தை வரிசையில சேர்த்த பாயிண்டெல்லாம் போயிடும். இங்க நாலு பக்கமும் சுடறாங்க. இதுல விழவும் வெச்சா எவன் விளையாடுவான்? சுடறதுக்கு மூளை வேணும்னு ஸ்கேட்டிங்கைச் சுலபமாக்கிட்டாங்க.

மாமனார்: விளக்கம் பதிவு செய்யப்பட்டது. ஏற்கப்படவில்லை.

மாப்பிள்ளை: உண்மையில எனக்கும் அந்தக் குறை உண்டு மாமா. பத்து தடவை பறந்தப்புறம் பறக்கற மாதிரியே இல்ல.

மாமனார்: அதை முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு இங்க் மிச்சம். அய்யய்யோ, என்ன அந்தச் சிவப்புக் கோடு?

மாப்பிள்ளை: ஸ்னைப்பர்! தூரத்துல இருந்து குறி வைக்கறான். அவன் சுடற நேரத்துக்குச் சரியா விலகணும். விலகின உடனே நேரத்தை மெதுவாக்கினா நம்ம அடி பலமா விழும். இதோ...

(திரையில் எல்லாம் தேன் ஊற்றியதுபோல் மெதுவாகிறது. காரா தலைகீழாக மிதந்தபடி ஷாட்கன்னால் ஒருவனைத் தூக்குகிறாள். மாமனார் தன்னையறியாமல் சோபா நுனிக்கு வருகிறார். வந்ததை உணர்ந்து மறுபடி சாய்கிறார்.)

மாமனார்: க்கும். இது... பரவால்ல.

மாப்பிள்ளை: பரவால்லையா மாமா?

மாமனார்: நல்லா இருக்கு. போதுமா? ஆனா மாப்ளே, உங்க விரல் என்ன பண்ணுதுன்னு பார்த்தேன். தாண்ட ஒண்ணு, சுத்த ஒண்ணு, கம்பியில சறுக்க ஒண்ணு, விலக ஒண்ணு, சுட ஒண்ணு, மெதுவாக்க ஒண்ணு. துப்பாக்கி மாத்த வேற. நாலு வகை துப்பாக்கி. இவ்வளவு வேலையையும் ஒரே ஆள் தலையில கட்டலாமா?

மாப்பிள்ளை: முதல் ரெண்டு மணி நேரம் எனக்கும் விரல் பின்னிக்கிச்சு. குறியை அதுவே ஓரளவு பிடிச்சுக்கும், அதனால தப்பிச்சோம். கை பழகிட்டா அப்புறம் நாம எதை அமுக்கறோம்னே தெரியாது.

மாமனார்: எதை அமுக்கறோம்னு தெரியாம நல்லா விளையாடறீங்க. (எழுதுகிறார்.) முடிஞ்சுதா?

மாப்பிள்ளை: இந்த மேட்ச் முடிஞ்சுது.

மாமனார்: அப்போ அடுத்ததுக்குப் போங்க.

மாப்பிள்ளை: போக முடியாது மாமா. பூட்டியிருக்கு.

மாமனார்: ஜெயிச்சாச்சே!

மாப்பிள்ளை: ஜெயிச்சா பத்தாது. ஒவ்வொரு மேட்சுக்கும் பத்து சவால் இருக்கு. இன்ன இடத்துல இன்ன வித்தை பண்ணு, இத்தனை பாயிண்ட் எடு, அங்கங்க மிதக்கற டோக்கனைப் பொறுக்குன்னு. மொத்தத்துல இத்தனை சவால் முடிச்சாத்தான் அடுத்த கதவு திறக்கும்.

மாமனார்: வேலையை முடிச்சவனை உட்கார வெச்சு இன்னும் நாலு படிவம் நிரப்புங்கற மாதிரியா?

மாப்பிள்ளை: அதேதான். விளையாட்டுல இதுதான் என்னைக் கடுப்பேத்தற விஷயம். சுவாரசியமா வேகம் பிடிக்கும்போது, அந்த மூலையில இருக்கற டோக்கனை எடுக்கத் திரும்ப அதே மாலுக்குள்ள ஓட வேண்டியிருக்கு. பாழடைஞ்ச மால், பாலைவனம், பனிமலைன்னு இடம் இருக்கு. ஆனா திரும்பத் திரும்பப் போனா எந்த இடமும் அலுக்கும்ல?

மாமனார்: இது கனமான தடை. ரெண்டு கோடு போட்டுக்கறேன். கதை இருக்கா, இல்ல சுட்டுட்டே இருக்கறதுதானா?

மாப்பிள்ளை: இருக்கு. மேட்டர்ஹார்ன்னு ஒரு பெரிய கம்பெனி. போட்டியை நடத்தறது அவங்கதான், ஊரையும் கிட்டத்தட்ட அவங்கதான் வளைச்சுப் போட்டிருக்காங்க. நடுநடுவுல காரா உடை மாத்தற அறையில நடக்கற மாதிரி வரும். ரேடியோ கேட்கலாம், மேசைமேல கிடக்கற காகிதத்தைப் படிக்கலாம்.

மாமனார்: படிச்சீங்களா?

மாப்பிள்ளை: ...கொஞ்சம்.

மாமனார்: காகிதத்தைப் படிக்காம கையெழுத்துப் போடறதுதான் எல்லாத்துக்கும் மூலம். சரி, கம்பெனியோட ஊழல் கடைசியில வெளிய வருதா?

மாப்பிள்ளை: அங்கதான் மாமா ஏமாத்தம். பெருசா ஏதோ வரப் போகுதுன்னு பில்டப் கொடுப்பாங்க. ஆனா அந்த நடக்கற பகுதி ரொம்பக் குட்டி. கதை சூடு பிடிக்கறதுக்குள்ள மறுபடி சறுக்கு, மறுபடி சுடு. பாதி சொல்லி பாதி முழுங்கிட்டாங்க.

மாமனார்: கோப்பு இருக்கு, உள்ள பக்கம் இல்ல. எழுதியாச்சு. யாரு பண்ணினது இதை? அமெரிக்காக்காரனா?

மாப்பிள்ளை: இல்ல மாமா, இதே லண்டன்தான். ரோல்7-னு ஒரு சின்ன ஸ்டுடியோ. ஒல்லிஒல்லின்னு ஸ்கேட்போர்டு கேம் பண்ணி 2015-ல பாஃப்டாங்கற பிரிட்டிஷ் விருது வாங்கினாங்க. 2022-ல மட்டும் ரெண்டு கேம். பிப்ரவரில ஒல்லிஒல்லி வேர்ல்டு, ஆகஸ்ட்ல இது. இதுக்கும் 2023-ல சிறந்த பிரிட்டிஷ் கேம்னு பாஃப்டா கொடுத்தாங்க.

மாமனார்: அட! இதே ஊரா? அப்போ பையன்களை நேர்ல பார்த்து இந்தப் பேப்பரைக் கொடுத்துடலாமே. அட்ரஸ் இருக்கும்ல?

மாப்பிள்ளை: இப்போ போனா கதவு திறக்காது மாமா.

மாமனார்: அங்கயும் பத்து சவாலா?

மாப்பிள்ளை: இல்ல மாமா. 2021-ல டேக்-டூங்கற பெரிய அமெரிக்கக் கம்பெனி இவங்களை வாங்கிச்சு. 2024 மே மாசம் ஸ்டுடியோவை மூடறாங்கன்னு செய்தி வந்துச்சு. அந்தக் கம்பெனித் தலைவர் பேட்டியில, நாங்க மூடலையேன்னார்.

மாமனார்: மூடல?

மாப்பிள்ளை: மூடலைன்னார்.

மாமனார்: ஆள் இருக்காங்களா?

மாப்பிள்ளை: அதுக்கப்புறம் அவங்க கிட்ட இருந்து ஒரு கேமும் வரல.

மாமனார்: (பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறக்கிறார்.) மாப்ளே. கதையில ஒரு பெரிய கம்பெனி வந்து விளையாட்டை வாங்கி ஆளுங்களைச் சக்கையாப் பிழியறான். கதைக்கு வெளியில ஒரு பெரிய கம்பெனி வந்து இந்தப் பையன்களை வாங்கியிருக்கான். பாஃப்டா வாங்கி ஒரு வருஷத்துல இந்த நிலைமை. கதையில முழுங்கின மிச்சப் பாதி இங்க இருக்கு!

மாப்பிள்ளை: நான் இப்படி யோசிக்கவே இல்ல மாமா.

மாமனார்: நீங்க காகிதம் படிக்கல. கொடுங்க அதை இப்படி.

மாப்பிள்ளை: எதை?

மாமனார்: அந்தக் கன்ட்ரோலரை. நேர்ல பார்க்காம அறிக்கை எழுதக் கூடாது.

மாப்பிள்ளை: கஷ்டமா இருந்தா சொல்லுங்க மாமா, செட்டிங்ஸ்ல குண்டு தீராம வெச்சுக்கலாம். உயிர் போகாமயும் வெச்சுக்கலாம்.

மாமனார்: குண்டு தீராதுன்னா அந்தப் பொண்ணு எதுக்குக் கரணம் போடணும்? நல்ல கேமே அந்த ஒரு கணக்குலதானே நிக்குது! மூட்டு வலிக்காரனுக்கு அந்த வசதி இருக்கட்டும், தப்பில்ல. எனக்கு வேண்டாம். எது தாண்டறது?

மாப்பிள்ளை: கீழ பட்டன். இல்ல மாமா, அது சுடறது. அது துப்பாக்கி மாத்தறது. அது... மாமா, சுவத்தைப் பார்த்துப் போறீங்க.

மாமனார்: சுவர்தான் குறுக்க வந்துச்சு.

(காரா இரண்டு முறை பள்ளத்துக்குள் போகிறாள். மட்டையோடு ஒருவன் வந்து சாவகாசமாக அடித்துவிட்டுப் போகிறான். மூன்றாவது ஆட்டத்தில் எப்படியோ சரிவில் ஏறி, சுத்தி, இறங்கும்போது ஒருவனைச் சுட்டுவிடுகிறார். அப்புறம் இன்னொருவனை.)

மாப்பிள்ளை: மாமா! காம்போ ஓடுது!

மாமனார்: அது என்ன?

மாப்பிள்ளை: வரிசையா ஆளைச் சாய்ச்சா பாயிண்ட் பெருகிட்டே போகும். ரொம்ப நேரம் விட்டா அறுந்துடும். விடாதீங்க, இடது பக்கம் கேடயக்காரன்... பின்னாடி போங்க, பின்னாடி!

மாமனார்: எனக்குத் தெரியும், கத்தாதீங்க. மெதுவாக்கற பட்டன் எது? சரி, இதுவா... ஆஹா. ஆஹாஹா.

(மாப்பிள்ளையின் போன் அடிக்கிறது.)

மாப்பிள்ளை: மாமா, உங்க பொண்ணு.

மாமனார்: தெரியுது.

மாப்பிள்ளை: ஸ்பீக்கர்ல போடவா? மதியம் என்ன சமைச்சீங்கன்னு கேட்பா.

மாமனார்: எடுக்காதீங்க மாப்ளே. காம்போ அறுந்துடும்.