தேர்தல் கேம் ஆடுகிறவர்கள் சொல்லும் குறையும், எனக்குப் பட்ட குறையும்

போன ஞாயிற்றுக்கிழமை பென்சில்வேனியா கையைவிட்டுப் போன கோபத்தில் தம்பி லேப்டாப்பைப் படக்கென்று மூடிவிட்டு எழுந்துவிட்டான். "அண்ணே, இதெல்லாம் ஒரு கேமா? ரெண்டு மணி நேரம் மண்டையை ஒடைச்சுக்கிட்டு, கடைசி ராத்திரி பூவா தலையா போட்டுப் பாக்குற மாதிரி இருக்கு" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் சார் விடவில்லை. "பத்தொம்பது ஓட்டு இருக்கிற மாநிலத்துல எட்டு வாரமா நீ காலே வைக்கலையேப்பா. அப்புறம் பூவா தலையாவ ஏன் குத்தஞ் சொல்ற?" என்றார். அன்று ஆரம்பித்த வாதம் இந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஓடியது. எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. அங்கே துண்டு துண்டாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: நாங்கள் ஆடுவது 'தி பொலிட்டிக்கல் மெஷின்'. அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் பிரசாரம்தான் மொத்த ஆட்டமும். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் மக்கள்தொகையைப் பொறுத்து இத்தனை 'தேர்வாளர் ஓட்டு' என்று உண்டு; பெரும்பாலும் மாநிலத்தில் முந்துகிறவருக்கே அத்தனையும் போகும். ஸ்டார்டாக் என்ற கம்பெனி 2004இல் கொண்டுவந்தது. அதிலிருந்து 2008, 2012, 2016, 2020, 2024 என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பதிப்பு வருகிறது. காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் விடியற்காலை ஐந்தரைக்கு உட்காருவோம். அமெரிக்காவில் நியூஜெர்சியின் செர்ரி ஹில்லில் இருக்கும் என் அக்கா மகனுக்கு அப்போது சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி. அவன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். சாரும் நானும் யோசனை சொல்கிறவர்கள்.

ஒரு முறைக்கு ஒரு வாரம் என்று ஆட்டம் நகரும். வேட்பாளருக்குத் தெம்பு இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. ஊர் விட்டு ஊர் போனாலும், மேடையில் பேசினாலும், நிதி திரட்டினாலும் அது குறையும். மாநிலத்தில் ஆபீஸ் திறக்கலாம். பேப்பர், ரேடியோ, டிவி என்று விளம்பரம் போடலாம். எந்த மாநிலத்துக்காரர்களுக்கு எந்தப் பிரச்சினை பெரிது என்று பார்த்துப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு மாநிலத்தில் கைதட்டு வாங்கிய பேச்சு பக்கத்து மாநிலத்தில் காலை வாரிவிடும்.

இந்த வகை ஆட்டம் புதிதும் இல்லை. 1981லேயே ஆப்பிள் டூ கம்ப்யூட்டரில் 'பிரெசிடென்ட் எலெக்ட்' வந்துவிட்டது. படம் கிடம் பெரிதாக ஒன்றும் இல்லாத காலம். எண்களையும் எழுத்தையும் வைத்தே தேர்தல் நடத்தியிருக்கிறார்கள்.

இப்போது ஆடுகிறவர்கள் சொல்லும் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, நாலு வருஷத்துக்கு ஒரு முறை பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றித் தருகிறார்கள் என்பது. தம்பி இதை ஓயாமல் சொல்வான். பாதி ஒப்புக்கொள்கிறேன். முகங்களை மாற்றி, பிரச்சினைகளை மாற்றி, மறுபடி காசு கேட்பது ஆடுகிறவனுக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் வரைபடமும் மாறுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு கலிபோர்னியாவின் தேர்வாளர் ஓட்டு 55இலிருந்து 54க்கு இறங்கியது. டெக்சாஸ் 38இலிருந்து 40, புளோரிடா 29இலிருந்து 30. மொத்தம் 538இல் 270 எடுக்க வேண்டிய ஆட்டத்தில் இந்த ஒன்று இரண்டுதான் உயிரை வாங்கும்.

இரண்டாவது குறை, வாராவாரம் செய்ததையே செய்கிறோம் என்பது. நிதி திரட்டு, விமானம் ஏறு, பேசு, விளம்பரம் போடு, மறுபடி நிதி திரட்டு. இதை நான் குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். நிஜ வேட்பாளர்களின் நாலு மாதமும் இப்படித்தான் போகிறது. ஆடுகிற நமக்கே அலுக்கிறது என்றால் அந்த அலுப்பு ஆட்டத்துக்குள் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. ஐம்பது மாநிலத்தையும் வரைந்து வைத்துவிட்டு, கடைசியில் ஏழெட்டு மாநிலத்திலேயே எல்லாம் முடிந்துபோகிறதே என்று தம்பிக்கு ஆதங்கம். அவனுக்கு நான் நம்ம சிவகங்கையை வைத்துத்தான் விளக்கினேன். நம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: திருமயம், ஆலங்குடி, காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை. இங்கே ஆறிலும் விழுந்த ஓட்டை ஒன்றாகக் கூட்டி, அதிகம் வாங்கியவர் எம்.பி. 2009இல் அப்படிக் கூட்டித்தான் ப.சிதம்பரம் 3,354 ஓட்டில் ஜெயித்தார். அமெரிக்க முறையில் கூட்டவே மாட்டார்கள். காரைக்குடிக்கு இத்தனை புள்ளி, மானாமதுரைக்கு இத்தனை புள்ளி என்று முதலிலேயே வைத்துவிட்டு, ஒரு தொகுதியில் ஓர் ஓட்டில் முந்தினாலும் அந்தத் தொகுதியின் புள்ளி அத்தனையும் முந்தியவருக்கே என்பார்கள். 48 மாநிலத்தில் இதுதான் சட்டம். மெயின், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்கள் மட்டும் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும். அப்படி இருந்தால் திருப்பத்தூரில் நாற்பதாயிரம் ஓட்டில் முந்துகிறவர் அங்கே இன்னொரு கூட்டம் போடுவாரா? இழுபறியாக இருக்கிற ஆலங்குடிக்குத்தான் ஓடுவார். 2024இல் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, நார்த் கரோலினா, அரிசோனா, நெவாடா என்று ஏழு மாநிலங்களை வேட்பாளர்கள் சுற்றிச் சுற்றி வந்தது இதனால்தான். ஏழையும் கூட்டினால் 93. மிச்சத்தில் பெரும்பாலானவை எந்தக் கட்சிக்கு என்று முன்னாலேயே நிறம் தீட்டியவை.

2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல் கூடுதல் ஓட்டு வாங்கியும் தோற்றது எப்படி என்று எட்டு வருஷமாக எனக்கு யார் யாரோ விளக்கினார்கள், மண்டையில் ஏறவில்லை. இந்த கேமில் கலிபோர்னியாவில் அள்ளிக் குவித்துவிட்டு மிச்சிகனில் தோற்ற அன்று ஒரே ராத்திரியில் ஏறியது. ஒரு விளையாட்டுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? அதனால் இந்த மூன்றாவது குறையைச் சொல்கிறவர்கள் கேமைத் திட்டக் கூடாது. கோபம் அந்தத் தேர்தல் முறையின் மேல் போக வேண்டியது. நியாயமான கோபம்தான்.

என் அக்கா மகன் சொன்ன குறை வேறு மாதிரி. அங்கேயே வாழ்கிறவனுக்குத்தான் அது படும். கேமில் டிவி விளம்பரம் மாநிலத்துக்கு மாநிலம் வாங்குகிறோம். பென்சில்வேனியாவுக்குப் போட்டால் பென்சில்வேனியாவில் மட்டும் தெரியும். "மாமா, எங்க நியூஜெர்சி எப்பவும் ஒரே பக்கம் விழுற மாநிலம், எங்களை ஒருத்தனும் சீண்ட மாட்டான். ஆனா எங்க வீட்டு டிவி பிலடெல்பியா சேனல். பென்சில்வேனியாக்காரனுக்குப் போடுற விளம்பரம் பூராவும் எங்க நடுவீட்டுலதான் ஓடுது" என்றான். நிஜத்தில் விளம்பரத்தை ஒளிபரப்புப் பகுதி பார்த்து வாங்குகிறார்கள். பிலடெல்பியாவில் போட்டால் நியூஜெர்சியின் தென்பகுதிக்கும் டெலவேருக்கும் சேர்த்துக் காசு போகிறது. மாநில எல்லையில் அலை நிற்காது. இதைக் கணக்கில் சேர்த்திருந்தால் விளம்பரம் போடுவது இன்னும் எவ்வளவு யோசனைக்குரிய வேலையாகியிருக்கும்! அடுத்த பதிப்பில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் ஆடுகிறவர்கள் கேட்க வேண்டியது இதை.

சாருக்கு இந்தக் கேமைவிட 'தி கேம்பெய்ன் ட்ரெயில்' பிடிக்கும். இணையத்தில் இலவசமாக ஆடலாம், எல்லாம் எழுத்துதான். வேட்பாளரையும் துணை வேட்பாளரையும் தேர்ந்தெடுத்துவிட்டு, கேள்விக்குக் கேள்வி பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பழைய தேர்தல்களை உள்ளே இருந்து பார்க்கலாம். அவர் வரலாறு படிக்கிறவர், அவருக்கு அது விருந்து. எனக்கு என்னவோ, எழுதியவர் மனதில் எந்தப் பதிலை வைத்திருக்கிறார் என்று ஊகிக்கிற பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது.

இனி எனக்குப் பட்ட குறை. கடைசி ராத்திரி பூவா தலையா என்று தம்பி சொன்னானே, அதைத்தான் நான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் அப்படித் தோன்றுகிறது? பிரசாரம் செய்கிற வரை எல்லாம் நம் கையில் இருக்கிறது. ஓட்டுப் பதிவு அன்று நமக்கு ஒரு வேலையும் இல்லை. மாநிலம் மாநிலமாக நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறோம். மனசை மாற்றிவிட்டால் ஓட்டு தானாக விழுந்துவிடும் என்று கேம் நினைக்கிறது. தேர்தல் வேலை பார்த்த எவனும் அப்படி நினைக்க மாட்டான்.

நான் 2019இல் எங்கள் ஊர் பூத்தில் ஏஜென்டாக உட்கார்ந்தவன். எந்தக் கட்சி என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு முன்னால் விடியற்காலையில் மாதிரி ஓட்டு நடத்துவார்கள், குறைந்தது ஐம்பது ஓட்டு. நம் கண் முன்னாலேயே எண்ணி, அழித்து, சீல் வைப்பார்கள். சாயங்காலம் 17சி படிவத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு என்று எழுதி நகல் கையில் தருவார்கள். இரண்டுக்கும் நடுவில் நாள் முழுக்க நம் வேலை வாக்காளர் பட்டியலில் பேருக்குப் பேர் டிக் அடிப்பது.

எங்கள் பக்கத்துத் தெருக்களை வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தத் தெருவில் முகப்பு, அந்தத் தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகள். தேக்குக் கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு தொங்கும். வீட்டுக்காரர்கள் சென்னையில், மலேசியாவில், சிங்கப்பூரில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வெள்ளிக்கிழமை திறந்து கூட்டி விளக்கு வைப்பார். கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் வீடு நிறையும், அப்புறம் மறுபடி பூட்டு. அவர்கள் நகரத்தார், கோயில் கணக்கில் அவர்களுக்குப் 'புள்ளி' இருக்கிறது. எந்த நாட்டில் இருந்தாலும் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, அதற்கு வரி உண்டு, மரியாதை உண்டு. ஓட்டுக்கு அந்தக் கணக்குச் செல்லாது. ஆள் நேரில் வர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களும் பட்டியலில் பேர் சேர்க்கலாம் என்று 2011இலிருந்து வழி செய்திருக்கிறார்கள். ஆனாலும் ஓட்டுப்போட இங்கே வந்து வரிசையில் நிற்கத்தான் வேண்டும். அமெரிக்கக் குடிமகன் உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் தபாலில் போடலாம். 2000இல் புளோரிடாவில் 537 ஓட்டில் ஜனாதிபதி முடிவானபோது, அப்படி வெளிநாட்டிலிருந்து வந்த தபால் ஓட்டுகளை எண்ணலாமா கூடாதா என்று கோர்ட்டுக்கே போனார்கள்.

2024 ஏப்ரல் 19. இந்த முறை நான் பூத்துக்கு வெளியே, இருநூறு மீட்டர் தள்ளி, சிலிப் எழுதும் மேஜையில் இருந்தேன். பட்டியலில் எங்கள் தெருப் பக்கத்தை மடித்து வைத்திருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்தால் டிக் விழாத பேர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பேருக்கு எதிரே இருக்கிறவர் இப்போது மதுரையில் கடை வைத்திருக்கிறார். போன் போட்டோம். "கடையில ஆளில்லண்ணே, பாக்குறேன்" என்றார். மூன்று மணிக்கு மறுபடி. "கெளம்பிட்டேன்" என்றார். ஐந்தேமுக்காலுக்கு டவுன் பஸ்ஸில் இருந்து இறங்கி ஓடி வந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்தார்கள். கடைசி ஆளில் இருந்து ஆரம்பித்துக் கொடுப்பார்கள், இடையில் யாரும் நுழையக் கூடாது என்று. முதல் டோக்கன் அவருக்கு. ஆறேகாலுக்கு வெளியே வந்து விரலைக் காட்டிவிட்டு, மறுபடி பஸ் பிடிக்கப் போனார். அவர் மனசு எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்கவில்லை. அதெல்லாம் எப்போதோ முடிவாகியிருக்கும். எங்கள் வேலை அவர் வந்து சேருவது.

இந்த ஒரு வேலைதான் கேமில் இல்லை. கனடாக்காரர்கள் செய்த 'பிரெசிடென்ட் இன்ஃபினிட்டி'யில் கொஞ்சம் உண்டு. மாநிலம் மாநிலமாகக் களப்பணியாளர்களைச் சேர்க்கலாம், அவர்களால் ஓட்டுப்பதிவு கூடும். பார்க்க அழகில்லாத கேம், கட்டங்களும் எண்களும்தான். ஆனால் தேர்தல் வேலை தெரிந்தவர்கள் யோசித்திருக்கிறார்கள் என்று அந்த ஒரு இடத்தில் தெரிகிறது. 'பொலிட்டிக்கல் மெஷி'னில் ஆபீஸ் திறந்தால் அறிமுகம் கூடுகிறது; வராதவர்களைக் கூட்டி வருகிற வேலை அதில் இல்லை. கடைசி வாரத்தில் விளம்பரத்துக்குக் கொட்டுகிற காசில் பாதியை எடுத்து, ஓட்டுப்போட வராதவர்களைத் தேடிப் பிடிக்கிற வேலைக்குப் போடுவதா வேண்டாமா என்று ஒரு முடிவை ஆடுகிறவன் கையில் கொடுத்துப் பாருங்கள். பூவா தலையா என்ற பேச்சே எழாது. தோற்றாலும் எங்கே கோட்டை விட்டோம் என்று அவனுக்குத் தெரியும்.

நம்ம ஊர்த் தேர்தலுக்கு இப்படி ஒரு கேம் வேண்டும் என்பது தம்பியின் கனவு. 234 தொகுதி, 118 எடுத்தால் ஆட்சி, கூட்டணிப் பேச்சுவார்த்தை, தொகுதிப் பங்கீடு என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறான். நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: பணப் பட்டுவாடாவை என்ன செய்வாய்? 2016இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் எல்லாம் இதனால் குறித்த நாளில் நடக்காமல் போனவை. அதை விட்டுவிட்டால் கேம் பொய். சேர்த்தால் அதையே ஓர் உத்தியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி. சேர்க்கத்தான் வேண்டும், மாட்டினால் தேர்தலே நின்றுபோகும் என்பதையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது என் கட்சி. சார் ஒப்புக்கொள்ளவில்லை. இதில் உங்கள் கருத்தைக் கட்டாயம் எழுதுங்கள்.

இந்த ஞாயிறு தம்பி மறுபடி ஆட வருகிறான். பென்சில்வேனியாவில் முதல் வாரமே ஆபீஸ் திறந்துவிடுவானாம்.