ஊட்டி டு சென்னை ஒரு மணி 2 நிமிஷமாம்!

ஊட்டியிலிருந்து சென்னைக்கு விமான தூரம் 430 கிலோமீட்டர், பயண நேரம் 1 மணி 2 நிமிஷம். போன்ல தட்டினா இப்படித்தான் வருது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "பத்து மணிக்குக் கிளம்பினாக்கூட மதியச் சாப்பாட்டுக்கு வந்துடலாமே"ன்னு குடும்ப குரூப்பில் போட எல்லார் வீட்லயும் ஒரு சென்னை மாமா இருக்கார்.

மாமா, ஊட்டியில ஏர்போர்ட் எங்க இருக்கு? ஏரிக்குள்ளயா? தீட்டுக்கல்லில் ஒரு ஹெலிபேட் உண்டு. அதுல இறங்குறவங்க நம்ம குரூப்பில் இல்லை.

அந்த 2 நிமிஷம்தான் வயித்தெரிச்சல். ரெண்டு ஊருக்கும் நடுவுல நூல் பிடிச்சு ஒரு கோடு. விமான வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர்னு வச்சு, 430-ஐ 800-ஆல வகுத்தா 32 நிமிஷம். ஏற இறங்க ஒரு 30. முடிஞ்சுது. ஓடுதளம் இருக்கான்னு பார்க்கிறது போனோட வேலை இல்லையாம்.

இப்ப நிஜக் கணக்கு. கோவையில் பத்து மணி ஃபிளைட். செக்-இன் கவுண்டரை 60 நிமிஷம் முன்னாடியே மூடிடுவாங்க, அதனால எட்டரைக்குப் பீளமேடு ஏர்போர்ட்டில் நிக்கணும். ஊட்டியிலிருந்து நேர்கோட்டில் 60 கிலோமீட்டருக்குள்ளதான், ரோட்டில் 90 கிட்ட. நாலரைக்கே கிளம்பியாச்சு. குன்னூர் வரைக்கும் சரி. அப்புறம் 14 கொண்டை ஊசி. அங்கதான் நம்ம சமவெளிச் சிங்கம் ஒருத்தர் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதிச்சே இறக்கி, லைனிங் கருகின வாசனையோட பர்லியார் கிட்ட பாதி ரோட்டை அடைச்சு நிப்பார். எந்த கியரில் ஏறுவியோ அதே கியரில் இறங்குய்யா! எஞ்சின் பிடிக்க வேண்டிய வண்டியை பிரேக்கே பிடிச்சா, சூட்டில் பிரேக் ஆயில் கொதிச்சு, பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். இவருக்குப் பின்னாடி நாப்பது வண்டி.

மே மாசம்னா இறங்குறவங்களை கோத்தகிரி வழியா திருப்பி விடுவாங்க. பலாப்பழம் பழுத்திருந்தா குஞ்சப்பனையில் யானை. அதுகிட்ட போர்டிங் பாஸைக் காட்டவா?

மேட்டுப்பாளையம் இறங்குறதுக்குள்ள காது அடைச்சிருக்கும். 2,240 மீட்டரில் இருந்து வர்றோமில்ல. இதுல ஒரு வேடிக்கை: உச்சத்தில் பறக்கிற விமானத்துக்குள்ள காத்தழுத்தமே ஏறக்குறைய ஊட்டி உயரத்து அளவில்தான் வைப்பாங்க. இறங்கி, ஏறி, திரும்ப இறங்கி... காது என்ன பாவம் பண்ணுச்சு?

ஃபிளைட்டாவது சொன்ன நேரமா? 400 கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் மணி நேரம் போடுறாங்க. தாழப் பறக்கையில வேகம் எடுக்க முடியாது, தரையில உருளுற நேரமும் அதுக்குள்ளயே அடக்கம். பெட்டி கைக்கு வரும்போது பதினொண்ணரை தாண்டியிருக்கும். ஏழு மணி நேரம், மாமா! ராத்திரி மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்திருந்தா விடியக்காலம் சென்ட்ரல்.

இவ்வளவும் தாண்டி வாசல் மிதிச்சா முதல் கேள்வி, "வர்க்கி எங்க?" 2023-ல புவிசார் குறியீடு வாங்கின, தொட்டாலே உதிர்ற நம்ம ஊட்டி பிஸ்கட்தான், கொண்டு வந்திருக்கு. ஸ்பூன் எடுத்துட்டு வாங்க.