நாலு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில்

பிஎச்.டி. சேர்ந்தால் உடம்பு போடும் என்பது எங்கள் துறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிற விஷயம். சேர்ந்த புதிதில் எடுத்த அடையாள அட்டைப் படத்தையும் இப்போதைய முகத்தையும் பக்கத்தில் வைத்துக் கிண்டலடிப்பது லேபில் நிரந்தரப் பொழுதுபோக்கு. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நாக்கு அடங்கவில்லை, சோம்பேறித்தனம், ஆம்பூர் பிரியாணி. நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. வேலூரில் வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்துகொண்டு, என்னையும் சுற்றி இருக்கிறவர்களையும் பார்த்தவரை, நமக்கு எடை கூடுவது நாக்கால் இல்லை, நேரத்தால். இன்னும் குறிப்பாகச் சொன்னால் சாயங்காலம் நாலு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் நடுவில் நடக்கிற கூத்தால். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாடு ஹாஸ்டல் மெஸ்ஸில் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். நாலு மணிக்கு ஒரு டீ. அப்புறம் வந்து காலம் (column) போடுவோம். வேதியியல் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன்: நீளமான கண்ணாடிக் குழாயில் சிலிகா ஜெல்லை நிரப்பி, அதன் தலையில் நம் கலவையை ஏற்றி, மேலே சால்வென்ட்டை (கரைப்பானை) ஊற்றிக்கொண்டே இருந்து, கீழே சொட்டுச் சொட்டாக இறங்குவதை வரிசையாக டெஸ்ட் டியூப்களில் பிடிப்பதுதான் காலம் ஓட்டுவது. நடுவில் எழுந்து போக முடியாது. சால்வென்ட் வற்றினால் சிலிகா காய்ந்து வெடிப்பு விடும், வாரக்கணக்கில் பாடுபட்டுச் செய்த சேர்மம் பக்கத்தில் இருப்பதோடு கலந்து பாழாகும். லேபுக்குள் எதையும் தின்னவும் கூடாது, குடிக்கவும் கூடாது. அது சரியான விதி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் விளைவு என்ன? காலம் முடிந்து கையைக் கழுவும்போது ஒன்பதாகியிருக்கும், மெஸ் மூடியிருக்கும், வயிற்றுக்குள் யாரோ பிறாண்டுவது போல இருக்கும். அந்த நேரத்தில் ரோட்டோரக் கடையில் கல்லிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் தட்டி நொறுக்கிப் போடுகிற பரோட்டாவையும் சால்னாவையும் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு வெள்ளரிக்காய் கொடுங்கண்ணா" என்று கேட்கிற மனிதப் பிறவி இன்னும் பிறக்கவில்லை.

அதோடு முடியவில்லை. பரோட்டா தின்றுவிட்டு வந்து ஆராய்ச்சிப் பேப்பர் படிக்கிறேன் என்று உட்கார்ந்தால் மணி ஒன்று. காலையில் எட்டரைக்கு எழுந்தால் இட்லி தீர்ந்து போயிருக்கும். ஆக, அடுத்த சாப்பாடு மதியம் சோறுதான், அதையும் பசியோடு மலை மாதிரி குவித்துச் சாப்பிடுவோம். அப்புறம் தூக்கம் சொக்கும், தூக்கத்தைக் கலைக்க டீ. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் உடம்பு தாங்கும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். இருபத்து நாலில் தொடங்கினால் முப்பது வரை போகலாம். "தீசிஸ் சப்மிட் பண்ணிட்டு உடம்பைப் பார்த்துக்கலாம்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்.

அந்த நாலு மணி டீக்கு வருவோம். கேட்டுக்கு எதிரே கடை. என்னைப் பார்த்ததும் அண்ணா, "இன்னாமா, லைட்டா ஸ்ட்ராங்கா" என்பார், சர்க்கரையைப் பற்றிக் கேட்கவே மாட்டார். அது கண்ணாடி கிளாஸின் அடியில் ஏற்கெனவே கிடக்கும், இரண்டு ஸ்பூன். கூடவே மசால் வடை. அதைப் பேப்பரில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் எண்ணெய் ஊறி, பின்பக்கச் செய்தியை இந்தப் பக்கமிருந்தே படித்துவிடலாம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 5 கிராம். டீ ஒன்றுக்கு 10 கிராம், நாளைக்கு நாலு டீ என்றால் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம், சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இன்னும் பிஸ்கட், ஜூஸ் எதையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அரை மணி நேரம் வேர்க்க வேர்க்க நடந்து செலவழித்த கலோரியை, சர்க்கரை டீ ஒன்றும் இரண்டு வடையும் அஞ்சே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும்.

"மனசு வைத்தால் வடையை விட முடியாதா" என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள், இன்னொரு முறை பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கவிட்டார்கள். தூக்கம் கெட்டபோது வயிறு நிறைந்தது என்று சொல்கிற லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசியைக் கிளப்புகிற கிரெலின் 28 சதவீதம் கூடியது. அதிலும் இனிப்பு, உப்புத் தீனி, மாவுப் பண்டம் இவற்றின் மேல்தான் ஆசை அதிகமாகப் போனது. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது இந்த மூன்றும்தானே? ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, மறுநாள் நாலு மணிக்கு மன உறுதியைத் தேடுவது வீண் வேலை.

இப்போது பிரியாணிக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழுகிறது. சீரக சம்பா பிரியாணியை, கத்தரிக்காய் தொட்டுக்கொண்டு, மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவதால் யாரும் குண்டாகிவிடுவதில்லை. எனக்குச் சந்தேகம் வைவா டப்பா மேல்தான். வைவா என்றால் தீசிஸ் கொடுத்தவருக்கு நடக்கிற வாய்மொழித் தேர்வு. வாரத்துக்கு ஒரு வைவா, இல்லாவிட்டால் டிசி (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங், அதுவும் இல்லாவிட்டால் யாருக்காவது ஆராய்ச்சிப் பேப்பர் இதழில் வந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை டப்பா: ஸ்வீட், சமோசா, கொஞ்சம் மிக்சர், ஒரு கேக் துண்டு. எங்கள் பக்கத்து ஆள் என்றால் ஆற்காடு மக்கன் பேடாவே வாங்கி வந்துவிடுவார். கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் முந்திரி, பாதாம் வைத்து, பொரித்து, ஜீராவில் ஊறவைத்தது. வாயில் போட்டால் கரையும், யார் மறுப்பார்கள்? மறுத்தால் வைவா கொடுத்தவர் வேறு கோபித்துக்கொள்வார். மாதத்துக்கு இரண்டு பிரியாணி நம் கண்ணில் படுகிறது, மாதம் முழுக்க வருகிற டப்பா படுவதில்லை.

இன்னொரு பக்கம் சிறுதானிய பக்தர்கள். "எங்க பாட்டி கேழ்வரகுக் களி தின்னாங்க, ஒல்லியா இருந்தாங்க" என்று ஒரு பதிவு போடாமல் இவர்களுக்குப் பொழுது விடியாது. எங்கள் வீட்டிலும் களிதான், கருவாட்டுக் குழம்போடு எனக்கும் பிடிக்கும். ஆனால் 100 கிராம் அரிசியில் 350 கலோரி அளவுக்கு இருக்கிறது என்றால் அதே அளவு கேழ்வரகில் 320 சுற்றி இருக்கிறது. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. நார்ச்சத்து நிறைய இருப்பதால் வயிறு சீக்கிரம் நிறையும், கால்சியம் அரிசியைவிடப் பல மடங்கு அதிகம், அதற்காகத் தாராளமாகச் சாப்பிடலாம். பாட்டி களி தின்றுவிட்டு வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கப் போனார். நாம் தின்றுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்எம்ஆர் ஸ்பெக்ட்ரம் பார்க்கப் போகிறோம்.

சரி, ஒல்லியாக இருக்கிறவர்கள் "இது நமக்கில்லை" என்று கடந்து போக வேண்டாம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும், பிரிட்டனின் டாக்டர் யூட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 22.3தான். உடம்புக் கொழுப்பு மட்டும் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் குச்சியாக, தொப்பை மட்டும் முன்னால் இருக்கிற நம் ஊர் உடல்வாகுக்கு அந்தப் படம் அத்தாட்சி. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23க்கு மேல் போனாலே அதிக எடை என்று வைத்திருக்கிறார்கள், 25க்கு மேல் என்றால் உடல் பருமன். எடை மெஷினைவிட டெய்லர் வைத்திருக்கிற டேப் நம்பகமானது என்பது என் கட்சி. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதாவது சுமார் முப்பத்தொன்றரை இஞ்ச், முப்பத்தைந்தரை இஞ்ச். அதைத் தாண்டினால் யோசிக்க வேண்டியதுதான். மெஷின் முள் தண்ணீர் குடித்தாலே ஏறும், மாதவிடாய் நெருங்கினாலே ஏறும், அதைப் பார்த்து அழுதுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுகிற ஜூனியர் பெண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அவர்களுக்கு வீட்டிலிருந்து வருகிற பேச்சும் ஒரு காரணம். லீவுக்கு ஊருக்குப் போய்ப் பையை இறக்கி வைப்பதற்குள், "இன்னாடி இது, இப்பிடி ஊதிக்கினு கீற, நாளைக்கு பொண்ணு பாக்க வந்தா இன்னா சொல்லுவாங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதே வாயால், "படிக்கிற புள்ள, நல்லா துன்னு" என்று இரண்டாவது கரண்டி நெய்யும் ஊற்றுவார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு பட்டினி டயட் வேறு எதற்கு?

திடீரென்று எடை ஏறினாலோ இறங்கினாலோ, முடி கொட்டினாலோ, மாதவிடாய் தள்ளிப் போனாலோ முதலில் ரத்தம் எடுத்துத் தைராய்டும் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பாருங்கள். வங்காளத்திலிருந்து ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜ் எடுத்துத் தங்கி, சிஎம்சி ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிறார்கள் ஜனங்கள். கடைப் பலகைகளில் பெங்காலி எழுத்து இருக்கிற அளவுக்கு. ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கிற நாம், "டைம் இல்ல" என்கிறோம்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? எனக்கு உருப்படியாகப் பலன் கொடுத்தது ஒன்றுதான்: நாலரை மணிக்கு நிஜமான சாப்பாடு. தீனி இல்லை, சாப்பாடு. இரண்டு அவித்த முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், இல்லையென்றால் வேகவைத்த வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, விலை டீ வடையைவிடக் கம்மி. அதைச் சாப்பிட்டுவிட்டுக் காலம் போட்டால் ஒன்பது மணிக்கு வயிறு பிறாண்டாது, பரோட்டாக் கடையைத் தாண்டிப் போக மன உறுதியெல்லாம் தேவையே இல்லை. முடிந்த நாளில் காலத்தைக் காலையிலேயே போட்டுவிடுவது அதைவிட நல்லது. டீயில் சர்க்கரையை அரை ஸ்பூனாகக் குறைத்தேன், முதல் வாரம் கஷாயம் போல இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

உடற்பயிற்சியை நான் ஒதுக்கவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை, இதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை அளவு. ஆனால் "சாயங்காலம் ஒரு வாக் போயிட்டு வாங்க" என்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்கு மூடுகிறது, வெளியே தெருவிளக்கு எரிகிறதா என்றெல்லாம் அவர்களுக்கு யோசிக்கத் தேவையில்லை. குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற, வீட்டில் குழந்தையும் இருக்கிற ஒரு அக்காவிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். தவிர ஏப்ரல், மே மாதத்தில் வேலூர் வெயில் நாற்பதைத் தாண்டும், சாயங்காலம் ஆறுக்குக்கூடத் தார் ரோடு அனல் அடிக்கும். எங்களுக்குத் தோதானது விடியற்காலை கோட்டைதான். 133 ஏக்கர், அகழித் தண்ணீர், கூட்டமாக நடக்கிற பெரியவர்கள், பயம் இல்லை, காசும் இல்லை. மழை நாளில் ஹாஸ்டல் படிக்கட்டு.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்று கேட்டவுடன் ஊரில் கண்ணை விரிக்கிறார்கள். அது கிடைக்காதவர்கள்தான் அதிகம், கிடைக்கிறவர்களுக்கும் மாதாமாதம் சொன்ன தேதியில் வந்து சேருவதில்லை. காசு தட்டினால் தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது முட்டையும் பழமும், மிஞ்சுவது சோறும் ரசமும்.

கைடுகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். குரூப் மீட்டிங்கை மதியம் பன்னிரண்டு மணிக்கும் ராத்திரி ஏழு மணிக்கும் வைக்காதீர்கள். உங்களுக்கு வீட்டில் சாப்பாடு எடுத்து வைத்துக் காத்திருக்க ஆள் உண்டு, எங்களுக்கு மெஸ் காத்திருக்காது. அப்புறம், ஸ்காலரைப் பார்த்ததும் "என்னம்மா, வெயிட் போட்டுட்டே" என்று ஆரம்பிப்பதையும் நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் ஹாஸ்டலில் லேப் ஸ்காலர்களுக்கு மட்டும் சாப்பாட்டைப் பத்து மணி வரை எடுத்து வைக்கச் சொல்லி மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். சமையல்காரர்களுக்கு ஓவர்டைம் யார் கொடுப்பது என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி. அவர்கள் இருக்க வேண்டாம், டிபன் பாக்ஸில் பேர் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும், சூடு பண்ண மைக்ரோவேவ் வாங்க நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறோம் என்று பதில் எழுதியிருக்கிறோம். கூடவே துறைக் கட்டடத்தில், லேபுக்கு வெளியே, உட்கார்ந்து சாப்பிட ஒரு அறையும் கேட்டிருக்கிறோம். உங்கள் ஹாஸ்டலில் இப்படி ஏதாவது ஏற்பாடு இருந்தால் எப்படி நடத்துகிறார்கள், யாரிடம் அனுமதி வாங்கினார்கள் என்று கமெண்டில் விவரமாகப் போடுங்கள், அதையும் மனுவோடு சேர்த்துக்கொள்கிறோம்.