திருகோணமலையில் இந்தியாவின் அக்கறை சீனாவுக்குப் பிறகு வந்ததல்ல
2017இல் இலங்கையின் தெற்கிலுள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதால்தான் இந்தியா திருகோணமலைப் பக்கம் திரும்பியது என்று இங்கே வந்த கட்டுரையில் இருக்கிறது, அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவும் பரிமாறிய கடிதங்களிலேயே திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் விடக்கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை (பெரிய சேமிப்புத் தாங்கிகளை) இரு நாடும் சேர்ந்து புனரமைக்க வேண்டும் என்று இருக்கிறது, அப்போது டெல்லிக்கு இருந்த கவலை அமெரிக்காவைப் பற்றியது. சீனா வந்தது வேகத்தைக் கூட்டியது, அது சரி. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கைக்கு வந்தும் பெரும்பாலான குதங்கள் சும்மாதான் கிடந்தன. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் இந்தக் குதங்கள் இருக்கும் சீனக்குடாப் பக்கம் போகும்போது பார்ப்பேன், பற்றைக்காட்டுக்குள்ளே துருப்பிடித்த பெரிய இரும்பு வட்டங்கள், சிலவற்றைக் கொடி மூடி மேலே குரங்குகள் உட்கார்ந்திருக்கும். 2022 ஜனவரியில்தான் 14 குதம் இந்திய நிறுவனத்துக்கு, 24 இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரித்தார்கள், அந்தக் கம்பனியில் 51 வீதம் நம் கூட்டுத்தாபனத்துடையது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு சகோதரர், குதங்களைக் கொடுத்து நாட்டையே விற்றுவிட்டார்கள் என்கிறார், இந்தக் கணக்கை ஒருதரம் பாருங்கள். எனக்குள்ள கோபம் வேறு, இத்தனை கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை வேலை என்று யாராவது எழுதி வைத்தார்களா?